கையடக்க டாப்ளர்: அம்மாவின் காலோடு ஒன்பது மாதம்

இந்தக் கருவி என் கைக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் "வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. சுருள் வயரில் தொங்கும் பேனா மாதிரி ஒரு ப்ரோப், ஒரு ஸ்பீக்கர், தீப்பெட்டி அளவுக்குத் திரை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்கலாம். பி.பி. பட்டையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் கணுக்காலில் அழுத்தம் எவ்வளவு என்றும் எடுக்கலாம். நான் கொடுத்தது எட்டாயிரத்து நானூறு ரூபாய். கர்ப்பிணி வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற டாப்ளரும் பார்க்க இப்படித்தான் இருக்கும். ஆனால் அது 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ், ஆழத்தில் இருப்பதைக் கேட்க. காலில் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் குழாய்க்கு 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். கடையில் இதை மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு, பார்த்து வாங்குங்கள். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு கம்பெனியோடு முடிவதில்லை, இந்த வகைக் கருவிக்கே உள்ளவை.

நான் மணலி பக்கம் ஒரு எடை மேடையில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாகக் கன்டெய்னர் லாரிகளை நிறுத்துவேன், எடை போடுவேன், சீட்டு கொடுப்பேன். இதில் பாதி வேலை எண்ணைச் சந்தேகப்படுவது. லாரி ஏறுமுன் காலி மேடை பூஜ்யம் காட்டுகிறதா, மழை பெய்து மேடையில் சேறு நிற்கிறதா, பின்சக்கரம் முழுசாக மேடைக்குள் வந்ததா, டிரைவர் இறங்கினாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை முத்திரை ஆய்வாளர் வந்து பார்த்து முத்திரை போட்டால்தான் மேடையை ஓட்டலாம். பின்சக்கரம் வெளியே நிற்கும்போது காட்டும் எடையும் மேடையைப் பொறுத்தவரை சரியான எடைதான். மேடை தன்மேல் ஏறியதைச் சொல்லிவிட்டது, நிறுத்தியவன்தான் தவறு செய்தான். அம்மாவின் காலில் நடந்ததும் இதுதான்.

அம்மாவுக்கு 68 வயது. காசிமேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் மீன் விற்றவர், ஈரத் தரையில் நின்றே காலம் போயிற்று. சுகர் பதினாறு வருடமாக. போன வருடம் செருப்பு வார் உரசி வலது பாதத்தில் சுண்டுவிரல் ஓரமாகப் புண் வந்தது. கால் மரத்துப்போனதால் வலி இல்லை. வலி இல்லை என்பதாலேயே அவரும் சொல்லவில்லை. ஐந்து வாரம் ஆகியும் ஆறவில்லை. அப்போது பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, காலில் ரத்த ஓட்டம் பார்க்கிறார்கள் என்று தெரிந்து அழைத்துப்போனேன்.

நல்ல கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றி பட்டனை அழுத்தினார் ஒரு பையன். மெஷின் தானே காற்றேற்றி, தானே இறக்கி, சீட்டு அடித்துக் கொடுத்தது. எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் இருக்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த கணக்கு அதில் இருந்தது: வலது கால் 1.04, இடது கால் 1.38, இரண்டுக்கும் நேராக 'நார்மல்'. அந்தச் சீட்டை நான் நம்பினேன். புண்ணுக்கு மருந்து மாற்றிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டினேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அப்புறம்தான் டிரஸ்ஸிங்குக்கு சிஸ்டர் வந்தார். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பல வருடம் சர்ஜரி வார்டில் இருந்து ரிட்டையர் ஆனவர், பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வருவார். புண்ணைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, அம்மாவை உட்கார வெச்சா எடுத்தாங்க?"

"ஆமாம் சிஸ்டர்."

"அப்ப இதைக் கிழிச்சுப் போடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: மாடியில தண்ணித் தொட்டி இருந்தா கீழ்வீட்டுக் குழாயில தண்ணி பிச்சுக்கிட்டு வரும்ல, அது மாதிரி உட்கார்ந்தா நெஞ்சிலிருந்து கணுக்கால் வரைக்கும் இருக்கிற ரத்தத்தோட கனமும் அழுத்தத்தில சேர்ந்துக்கும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.77 மில்லிமீட்டர் பாதரசம் கூடும். அம்மாவை அதே மாதிரி நாற்காலியில் உட்கார வைத்து டேப் பிடித்தேன். நெஞ்சு மட்டத்திலிருந்து கணுக்கால் 75 சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 58. காலில் இல்லாத 58 மில்லிமீட்டரை அந்த நாற்காலி கூட்டிக் கொடுத்திருக்கிறது. பின்சக்கரம் வெளியே நின்றால் எடை குறையும், இங்கே பக்கத்து லாரியும் சேர்ந்து மேடை ஏறிவிட்ட மாதிரி கூடிவிட்டது.

சிஸ்டர் கட்டிலில் அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்தார். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. முன்பே காபி குடித்தாரா என்று கேட்டுக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து டாப்ளரை எடுத்தார். அப்போதுதான் முதன்முதலில் இந்தப் பொருளைப் பார்த்தேன். இரண்டு கையிலும் எடுத்தார்: வலது 148, இடது 142. கூடுதலாக இருப்பதைக் கணக்குக்கு வைக்க வேண்டும், அதனால் 148. பாதத்தின் மேற்புறம், கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவே ஒரு துடிப்பு. உள்கணுவுக்குப் பின்னால் இன்னொன்று. கணுக்காலுக்கு மேல் பட்டையைக் கட்டி, ஓசை நிற்கும்வரை காற்றேற்றி, இன்னும் கொஞ்சம் ஏற்றி, மெதுவாக இறக்கினார். ஓசை திரும்ப வந்த இடத்தில் முள் எங்கே நிற்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். வலது காலில் மேற்புறம் 92, உள்கணு 98. இங்கேயும் கூடுதலானதுதான் கணக்கு. 98ஐ 148ஆல் வகுத்தால் 0.66.

இந்த விகிதத்தைத்தான் ஏ.பி.ஐ. என்கிறார்கள். 1.00 முதல் 1.40 வரை இருந்தால் இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அம்மாவின் 0.66, நாற்காலியில் 1.04 ஆகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 98உடன் 58ஐக் கூட்டினால் 156. முகாமில் கையில் எடுத்தது 150 என்று சீட்டில் இருந்தது. வகுத்தால் 1.04. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. மெஷின் பழுது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

இடது கால் வேறு கதை. பட்டையை 230 வரை ஏற்றியும் ஓசை நிற்கவே இல்லை. எனக்கு அது நல்ல சேதியாகத் தெரிந்தது, அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கி ரத்தம் ஓடுகிறதே என்று. சிஸ்டர் தலையை ஆட்டினார். சுகர் நாள்பட்டவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போகும். தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்கும், இரும்புக் குழாயை மிதித்தால் நிற்குமா? பட்டை அமுக்குகிறது, குழாய் அமுங்கவில்லை, எண் ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. 1.40க்கு மேல் வந்தால் அதை நல்லது என்று எடுக்கக் கூடாது, அளக்க முடியவில்லை என்றுதான் எடுக்க வேண்டும். 1.40க்குள் வந்தாலும் சுகர்காரர் காலில் அது உண்மையா, பாதி விறைத்த குழாய் காட்டும் எண்ணா என்று சந்தேகம் இருக்கத்தான் செய்யும். முகாமில் இடது காலுக்கு வந்த 1.38 இந்த வகை.

இதற்கு வழி கால்விரல். விரலின் சின்னக் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலில் குட்டிப் பட்டை மாட்டி, விரல் நுனியில் ஒளி சென்சார் வைத்து எடுத்தார்கள். ஏ.சி. அறையில் கால் சில்லிட்டால் குழாய் சுருங்கி எண் குறைந்துவிடும் என்று, எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் போர்வை போர்த்தி வைத்தார் அந்த டெக்னீஷியன். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வலது விரலில் 46. அதையும் 148ஆல் வகுத்தால் 0.31. அங்கே 0.70க்குக் கீழே போனாலே கோளாறு. அப்புறம் ஸ்கேன், தொடையில் அடைப்பு, பலூன் வைத்துத் திறந்தார்கள். பதினோரு வாரத்தில் புண் மூடியது.

இனி கருவிக்கு வருகிறேன். சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபின் நானே ஒன்று வாங்கினேன், வாரம் ஒரு நாள் அம்மாவின் காலைக் கேட்பதற்காக.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நின்றால் இதன் தத்துவம் காதிலேயே கேட்கும். ஹாரன் அடித்தபடி வரும் லாரியின் சத்தம் நம்மைக் கடக்கும்வரை கீச்சென்று இருக்கும், கடந்ததும் கனத்து இறங்கும். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திர ஒளியை வைத்துச் சொன்னது இதுதான். ப்ரோப் விநாடிக்கு 80 லட்சம் அதிர்வுகளை அனுப்புகிறது, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அது மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தை ஸ்பீக்கர் ஓசையாக்குகிறது. லாரி நேர் எதிரே குறுக்காகப் போகிற அந்தக் கணத்தில் சத்தத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ப்ரோப்பைத் தோல்மேல் செங்குத்தாக நிறுத்தினாலும் அப்படித்தான், ரத்தம் குறுக்கே ஓடும், ஓசை ஏறக்குறைய இருக்காது. முதல் நாள் நான் செங்குத்தாகப் பிடித்துவிட்டு அம்மாவின் காலில் ரத்தமே இல்லை என்று பதறினேன். 45 முதல் 60 டிகிரி வரை சாய்த்துப் பிடித்தால் ஓசை வரும்.

என் கருவியின் திரையில் ஓட்டத்தின் வேகமும் வரும். அந்த எண்ணைத் தயவு செய்து குறித்து வைக்காதீர்கள். சாய்வு இவ்வளவு என்று கருவி ஒன்றை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது, நம் கை அந்தச் சாய்வில் நிற்பதில்லை. 60 டிகிரிக்குப் பதில் 65இல் பிடித்தால் வேகம் 15 சதவீதம் குறைத்துக் காட்டும், 55இல் பிடித்தால் 15 சதவீதம் கூட்டிக் காட்டும். ஐந்து டிகிரி என்பது மணிக்கட்டு சற்றே தளர்வது. ஒரே இடத்தில், ஒரே நிமிடத்துக்குள், 38, 52, 44 என்று மூன்று எண் எடுத்திருக்கிறேன். தவிர, வேகம் வேறு, அளவு வேறு. அடைப்புக்குள் நுழையும் ரத்தம் இடுக்கில் வேகமாகப் பாயும், கால்விரலுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சமாகவே இருக்கும். பெரிய ஸ்கேன் மெஷினில் குழாயின் விட்டத்தையும் அளந்து நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று போடுகிறார்கள். அங்கும் 4 மில்லிமீட்டர் குழாயை 4.4 என்று கோடு போட்டுவிட்டால் ரத்த அளவு 21 சதவீதம் கூடிவிடும், கணக்கில் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்குவதால்.

ஓசையின் குணத்தைக் கேட்கப் பழகுவதுதான் பலன். நல்ல குழாயில் ஒரு துடிப்புக்கு மூன்று பாகம் கேட்கும்: ஓங்கி ஒன்று, சட்டென்று திரும்பி ஒன்று, மெல்ல ஒன்று. அடைப்புக்குக் கீழே உள்ள குழாயில் ஒரே ஒரு மந்தமான 'ஊஷ்... ஊஷ்...'தான். என் காலில் வைத்துக் கேட்டேன், அம்மாவின் வலது காலில் வைத்துக் கேட்டேன். அந்த வித்தியாசத்துக்கு எண்ணே வேண்டாம். சிரையின் மேல், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயின் மேல், வைத்துவிட்டால் காற்று வீசுகிற மாதிரி விடாமல் இரையும், மூச்சு இழுக்கும்போது மாறும். துடிக்காது. இதைப் பிரித்தறிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

பேனா பிடிப்பது போல லேசாகப் பிடிக்க வேண்டும். ஓசை சரியாகக் கேட்கவில்லை என்று அழுத்தினால் பாதத்தின் மேலிருக்கும் குழாய் நசுங்கி ஓசை நின்றேவிடும். ஜெல்லில் கஞ்சத்தனம் கூடாது, தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவே காற்று இருந்தால் ஒன்றும் கேட்காது. சித்திரை வெயிலில் ஜெல் தண்ணியாகி வழிந்துவிடும், கொஞ்சம் நிழலில் வைத்துவிட்டு எடுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள், என் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று ஏறுகிறது.

கருவியைவிட பட்டையும் முள் மீட்டரும்தான் என்னை அதிகம் ஏமாற்றின. வாங்கின அன்று மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன், காற்றே இல்லாதபோது முள் 4இல் நின்றது. காலி மேடை நாற்பது கிலோ காட்டினால் நான் அன்றைக்கு ஒரு வண்டியையும் ஏற்ற மாட்டேன். கடைக்குத் திரும்பப் போனேன். "நாலுதானே சார், எல்லாத்திலயும் கூடத்தானே காட்டும், கழிச்சுக்கங்க" என்றார். முள் கீழே நகர்ந்த மீட்டர் மேலேயும் அதே நாலுதான் பிசகும் என்று யார் சொன்னது? சண்டை போட்டு மாற்றி வாங்கினேன். பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். குறுகலான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கைக்கு வாங்கிய பட்டை வீங்கிய கணுக்காலுக்குச் சரிவராது.

வீட்டில் இருக்கும் தானியங்கி பி.பி. மெஷினையே கணுக்காலில் கட்டலாமே என்று கேட்கிறார்கள். அது ஓசையைக் கேட்பதில்லை. பட்டைக்குள் வரும் அதிர்வை வைத்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. அடைப்பு உள்ள காலில் அந்த அதிர்வே மங்கிப்போகும். எந்தக் காலுக்குச் சோதனை அவசியமோ அந்தக் காலில்தான் அது தடுமாறும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பைக் கால்விரலில் மாட்டி "97 காட்டுது, ரத்தம் நல்லா ஓடுது" என்று ஒரு கடையில் சொன்னார்கள். 97 என்பது வந்து சேர்ந்த ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது. எவ்வளவு ரத்தம் வந்தது என்பதல்ல. அதிலும் அந்தக் கிளிப் தோலின் நிறத்தைப் பொறுத்துப் பிசகுகிறது. கறுப்பினத்தவர்களிடம் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கிளிப் கண்டுபிடிக்காமல் போவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. வெயிலில் கறுத்த பாதங்கள் உள்ள ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? படுக்க வைத்து, இரண்டு கையும் எடுத்து, ஓசையைப் பிரித்துச் சொல்லித் தர ஒரு ஆள் உங்களுக்கு இருந்தால் வாங்குங்கள். எட்டாயிரத்து நானூறுக்கு எனக்கு முழுத் திருப்தி. பலூன் வைத்தபின் அம்மாவின் வலது கால் 0.66இலிருந்து 0.90 என்ற எல்லைக்கு வந்தது. அதற்கப்புறம் வாரா வாரம் கேட்கிறேன், ஓசையில் இரண்டாவது பாகம் திரும்ப வந்திருக்கிறது. அது மறுபடி மந்தமானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவேன், அதற்காகத்தான் இது வீட்டில் இருக்கிறது. ஆள் இல்லை என்றால் அந்தப் பணத்தில் ஆட்டோ பிடித்து ரத்தநாள டாக்டரிடம் போங்கள். ஒரு குறை: ப்ரோப்பில் வயர் சேரும் இடம் ஆறாவது மாதமே பிளந்துவிட்டது, டேப் சுற்றி ஓட்டுகிறேன். ப்ரோப்பைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்தெரு அண்ணன் ஒருவர் வந்தார். டயாலிசிஸ் போகிறவர். அதே மண்டபத்தில் மறுபடி முகாம் போட்டிருக்கிறார்கள், அவர் கையிலும் சீட்டு, 1.32, நார்மல். ஆனால் இரவில் கால் எரிகிறது, கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுக்க வைத்தேன். அம்மா ஃபேனை நிறுத்தினார். இரண்டு பாதத்திலும் வைத்துக் கேட்டேன். ஒற்றை 'ஊஷ்'. பட்டை கட்டவே இல்லை. "அண்ணே, இந்தச் சீட்டை ஆஸ்பத்திரியில காட்டுங்க, உட்கார வெச்சு எடுத்ததுன்னு சொல்லுங்க, கால்விரல்ல அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்க" என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். திங்கட்கிழமை போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்கேன்.